எலக்ட்ரிக் கிதார் சேர்த்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில் ஃபோக் ராக் (நாட்டுப்பாடலும் ராக் இசையும் கலந்த வகை) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாப் டிலன், பேர்ட்ஸ் என்று அமெரிக்கப் பக்கத்தை விரிவாகவே எழுதியிருந்தார்கள். இங்கிலாந்துக்கு வந்ததும் கட்டுரையாளருக்கு என்ன அவசரமோ, பழைய நாட்டுப்பாடல்களுக்கு எலக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் சேர்த்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஆல்பங்களைப் பல வருடங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

இங்கிலாந்தின் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தின் பெயரைக் கட்டுரை சொல்கிறது. 1969 டிசம்பரில் வந்தது. எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். என்னைக் கேட்டால், அதே வருடம் ஜூலையில் வந்த அவர்களின் 'அன்ஹாஃப்பிரிக்கிங்' ஆல்பத்தை முதலில் எடுக்கச் சொல்வேன். அதில் 'எ செய்லர்ஸ் லைஃப்' என்று பதினோரு நிமிடப் பாட்டு ஒன்று இருக்கிறது. மாலுமிக் காதலனைத் தேடிக் கடலில் போகிறாள் ஒரு பெண். அவன் மூழ்கிவிட்டான் என்று தெரிந்ததும் தன் படகைப் பாறையில் மோதவிடுகிறாள். தொடக்கத்தில் திட்டமான தாளம் என்று எதுவும் கிடையாது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் சிம்பலை (உலோகத் தட்டு) அலை புரள்வதுபோல மெல்ல உருட்டிக்கொண்டே இருக்க, பாடகி சாண்டி டென்னி நிதானமாகக் கதை சொல்கிறார். சாவுச் செய்தி வரும் இடத்திலும் அவர் கதறவில்லை. வரிகள் தீர்ந்த பிறகுதான் ரிச்சர்ட் தாம்ப்சனின் கிதாரும் டேவ் ஸ்வார்பிரிக்கின் ஃபிடிலும் (வயலின்) ஒன்றையொன்று துரத்த ஆரம்பிக்கின்றன. அழுகை, ஆத்திரம் எல்லாம் அங்கேதான். இத்தனையும் ஒரே டேக்கில் பதிவானது!

ஆங்கில நாட்டுப்பாடகர்களின் பழைய வழி இது. பாடுகிறவர் நடித்துக் காட்டமாட்டார். கதையை நேராகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அவர் சொல்லாமல் விட்டதை வாசித்துக் காட்ட ஒரு ராக் குழு வந்ததுதான் புதுமை. 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தின் 'மேட்டி க்ரோவ்ஸ்' பாட்டிலும் இதைக் கேட்கலாம். மனைவியின் கள்ளக்காதலனைக் கொன்றுவிட்டு, இப்போது சொல், அவனா நானா என்று அவளிடம் கேட்கிறான் ஒரு பிரபு. உன் ஆடம்பரத்தைவிடச் செத்துக் கிடக்கிறவனின் உதடே மேல் என்கிறாள் மனைவி. அந்த வரியை இன்னொரு பாடகி எப்படியெல்லாம் பிழிந்திருப்பார்! சாண்டி சாதாரணமாகப் பாடிவிட்டுப் போகிறார்.

லாம்பிள் 'அன்ஹாஃப்பிரிக்கிங்' வெளிவந்ததைப் பார்க்கவில்லை. 1969 மே மாதம் பர்மிங்காமில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் வேன் விபத்துக்குள்ளாகி இறந்தார். வயது 19. தாம்ப்சனின் காதலி ஜீனி ஃபிராங்க்ளினும் அதே விபத்தில் போனார். மிஞ்சியவர்கள் அந்தக் கோடையில் ஹாம்ப்ஷயரில் ஒரு கிராமத்து வீட்டில் தங்கி ஒத்திகை பார்த்து உருவாக்கியதுதான் 'லீஜ் அண்ட் லீஃப்'. அதன் கடைசிப் பாட்டான 'கிரேசி மேன் மைக்கேல்' பழைய பாட்டே அல்ல. தாம்ப்சன் எழுதி, ஸ்வார்பிரிக் மெட்டமைத்தது. ஒரு அண்டங்காக்கையைக் கொன்றவன், தான் கொன்றது தன் காதலியை என்று கண்டுகொள்ளும் கதை. விபத்தை மனதில் வைத்துக்கொண்டு அதைக் கேட்பது கஷ்டம். (பிற்காலப் பதிப்புகளில் இதற்கப்புறம் போனஸ் பாடல்களை ஒட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து அங்கே நிறுத்திவிடுங்கள்.)

சரி, டிரம்ஸ். ஃபேர்போர்ட்டின் பேஸ் கிதார் கலைஞர் ஆஷ்லி ஹட்சிங்ஸ் வெளியேறி, ஸ்டீலை ஸ்பான் குழுவைத் தொடங்கினார். அவர்களின் இரண்டாவது ஆல்பம் 'ப்ளீஸ் டு சீ த கிங்' (1971). குழுவில் டிரம்மரே கிடையாது. ஆனாலும் இந்த வகையிலேயே முரட்டுத்தனமான ஆல்பம் இதுதான் என்பேன். கொல்லன் ஒருவன் கைவிட்ட பெண்ணின் பாட்டு 'த பிளாக்ஸ்மித்'. குழுவின் முதல் ஆல்பத்திலும் அது இருக்கிறது, அங்கே டிரம்ஸோடு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவதில் மார்ட்டின் கார்த்தியின் எலக்ட்ரிக் கிதார் விட்டு விட்டு அடிக்க, இடையில் விழும் வெற்றிடத்தில் மேடி பிரயரின் குரல் தனியாக நிற்கிறது. டிரம்ஸ் இருந்தால் அந்த வெற்றிடம் நிரம்பிப் போயிருக்கும். ஆண்வேடம் போட்டுப் பட்டாளத்தில் டிரம் அடித்த பெண்ணைப் பற்றியும் இதே ஆல்பத்தில் ஒரு பாட்டு உண்டு, குறும்பு பாருங்கள்!

எலக்ட்ரிக் கிதாரும் கட்டாயமில்லை. பென்டாங்கிள் குழுவின் 'பாஸ்கெட் ஆஃப் லைட்' (1969) முழுக்க அக்கூஸ்டிக், அதாவது மின்சாரம் சேராத வாத்தியங்கள். ஜான் ரென்போர்ன் அதில் சிதார்கூட வாசித்திருக்கிறார். இது ஃபோக் ராக் அல்ல, ஜாஸ் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு தனி.

ஒரு வேண்டுகோள். அடுத்து எழுதும்போது ஆங்கில நாட்டுப்பாடகி ஷெர்லி காலின்ஸை விட்டுவிடாதீர்கள். இருபதுக்கும் மேற்பட்ட கலைஞர்களோடு அவர் பாடிய 'நோ ரோசஸ்' (1971) பற்றி மட்டுமே ஒரு பக்கம் எழுதலாம். பிறகு குரல் போய்ப் பாடுவதையே விட்டவர், 38 வருட இடைவெளிக்குப் பின் 2016இல் 'லோட்ஸ்டார்' ஆல்பம் கொடுத்தார். எண்பது வயதைத் தாண்டிய அந்தக் குரல் இளவயதுக் குரலைவிடத் தாழ்ந்து, கரகரத்து இருக்கிறது. எனக்கென்னவோ, கொலைப் பாட்டுகளுக்கு இந்தக் குரல்தான் பொருத்தம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி