பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரிக் கரை வரை: கொங்கு நாட்டுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டப் பள்ளிகள் ஆண்டுதோறும் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்கின்றன. ஊட்டி, கொடைக்கானல், மைசூரு, நீர்விளையாட்டுப் பூங்கா என்னும் பட்டியல் அநேகமாக மாறுவதில்லை. வரலாற்றில் நாட்டமுள்ள ஆசிரியர் ஒருவர் வாய்த்த பள்ளியாக இருந்தால் தஞ்சாவூருக்கோ மாமல்லபுரத்துக்கோ ஒரு பேருந்து புறப்படும். இவற்றில் எதையும் நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பருவம் முடிவதற்குள் ஒரு முறையேனும், பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் தொடங்கிக் காவிரிக் கரையில் முடியும் இரண்டு நாள் பயணம் ஒன்றில், கொங்கு நாட்டின் இடைக்கால வரலாற்றைக் காட்டுங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடல்.

நம் பிள்ளைகள் படிக்கும் வரலாற்றில் கொங்கு நாடு பெரும்பாலும் யாரோ ஒருவர் வென்ற நிலமாகவே வந்து போகிறது. சோழர் வென்றனர், பாண்டியர் வென்றனர், போசளர் (ஹொய்சாளர்) வந்தனர், விசயநகரத்தார் வந்தனர், மதுரை நாயக்கரும் மைசூராரும் மாறி மாறி ஆண்டனர் என்ற அளவில் பாடம் முடிந்துவிடுகிறது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலைப் போன்ற விமானம் இங்கே எழும்பவில்லை என்பதால் பெரியவர்களும் அந்த எண்ணத்தை மறுப்பதில்லை. ஆனால் மழை மறைவில் கிடக்கும் ஒரு வறண்ட நிலத்தை மக்கள் எப்படி விளைநிலமாக்கினார்கள், நீரை எப்படிப் பங்கிட்டார்கள், எந்த வழியில் வணிகம் செய்தார்கள், யாருக்கு எந்த உரிமை மறுக்கப்பட்டிருந்தது என்பவற்றுக்கு இந்த நாட்டுக் கற்களில் உள்ள சான்றுகள் அரிய வகையைச் சேர்ந்தவை. கட்டடத்தின் உயரத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இவை கண்ணில் படமாட்டா.

முதல் நாள் காலையில் கோவைக்குத் தென்மேற்கே சுண்டக்காமுத்தூருக்குச் செல்லலாம். அங்கே ஒரு பாறையில் இராசகேசரிப் பெருவழியின் கல்வெட்டு இருக்கிறது. 871 முதல் 907 வரை ஆண்ட முதலாம் ஆதித்த சோழன் கொங்கு நாட்டைக் கைக்கொண்ட காலத்தைச் சேர்ந்ததாக அதைக் கருதுகிறார்கள். சேர நாட்டையும் கொங்கையும் இணைத்த அந்தப் பெருவழிக்கு அரசனின் பட்டப்பெயரே வழங்கியிருக்கிறது. வழியில் செல்வோருக்கு அரசனுடைய காவல் உண்டு என்ற உறுதியை வெண்பாவாக்கி, வட்டெழுத்திலும் தமிழெழுத்திலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே பாறையில் இரண்டு எழுத்து முறைகள் இருப்பது ஆசிரியருக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. இன்று நாம் எழுதும் எழுத்து எப்படி வளர்ந்தது, வட்டெழுத்து ஏன் வழக்கொழிந்தது என்ற கேள்விகளைப் பிள்ளைகளே கேட்பார்கள். பார்ப்பதற்கு அது ஒரு சாதாரணப் பாறைதான். முன்கூட்டியே விளக்கிச் சொல்லாமல் அழைத்துச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கிருந்து பேரூர் தொலைவில்லை. பட்டீசுவரர் கோயிலுக்கு வருவோர் அனைவரும் நேரே கனகசபைக்குச் சென்று, 17ஆம் நூற்றாண்டில் அழகாத்திரி நாயக்கர் எழுப்பிய அந்த மண்டபத்தின் பெருந்தூண்களில் ஊர்த்துவத் தாண்டவரையும் யானை உரி போர்த்தவரையும் அகோர வீரபத்திரரையும் வியந்து பார்த்துத் திரும்புகிறார்கள். வியக்கத் தக்கவைதாம். ஆனாலும் பிள்ளைகளுக்கு அந்தத் தூண்களைக் காட்டும் முன்பு, கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயருடன் அரசன் ஒருவன் விடுத்த ஆணையைப் பற்றி ஆசிரியர்கள் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். பேரூரிலும் கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலிலும் பொறிக்கப்பட்ட அந்த ஆணை, கம்மாளர்களுக்குச் சில உரிமைகளை வழங்குகிறது. நன்மை தின்மைகளில், அதாவது மங்கல, அமங்கல நிகழ்ச்சிகளில், அவர்கள் இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வெளியே புறப்படும்போது காலில் செருப்பு அணிந்துகொள்ளலாம். தங்கள் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவ்வளவுதான் அந்த ஆணை.

அரசன் எழுத்து மூலம் இவற்றை வழங்க வேண்டியிருந்தது என்றால், அதுவரை இவை மறுக்கப்பட்டிருந்தன என்றுதானே பொருள்? கொல்லரும் தச்சரும் கல்தச்சரும் தட்டாரும் கன்னாரும் சேர்ந்த கம்மாளர்கள்தாம் ஊரின் கோயில்களுக்குக் கல் இழைத்தவர்கள், கதவு செய்தவர்கள், மணி வார்த்தவர்கள். பிறருக்காக மாளிகைச் சுவரை எழுப்பத் தெரிந்தவர்கள் தம் வீட்டுச் சுவருக்குப் பூச்சு வைக்க அரசாணைக்குக் காத்திருந்த நாட்டில்தான் அந்தக் கோயில்கள் எழுந்தன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை கனகசபைத் தூண்களைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். நம் பழம்பெருமையை மட்டும் அடுக்கும் சுற்றுலாவால் இதைச் செய்ய முடியாது. சாதியைப் பற்றிய பேச்சை வகுப்பறையில் தவிர்க்கவே பெரும்பாலான ஆசிரியர்கள் விரும்புகிறார்கள் என்பதை அறிவேன். கல்லில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுவதற்குக் கூடவா தயங்க வேண்டும்?

பேரூரிலேயே நீரைப் பற்றிய சான்றும் உண்டு. நொய்யலாற்றில் தேவிசிறை என்ற அணையைக் கட்டிக்கொள்ள இசைவு வழங்கும், கொங்கு நாட்டை ஆண்ட கொங்குச் சோழர் காலக் கல்வெட்டு, முன்பே இருந்த கோளூர் அணைக்குச் செல்லும் நீருக்கு ஊறு வரக்கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்தே வழங்குகிறது. ஆற்று நீரில் பழைய பாத்தியதையும் புதிய தேவையும் மோதும்போது என்ன செய்வது என்ற வழக்கு இன்றைக்கும் நமக்குத் தீர்ந்தபாடில்லை. நொய்யலின் இன்றைய நிலையைக் கரையில் நின்று பிள்ளைகள் தாமே பார்த்துக்கொள்வார்கள். அதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

நண்பகலில் கோயில்கள் நடை சாத்திவிடும் என்பதைப் பயணத்திட்டம் போடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே பிள்ளைகள் வெயிலில் காத்திருப்பதுதான் பல சுற்றுலாக்களின் பாதி நேரம். அந்த இடைவேளையை அவிநாசிக்குச் செல்லும் பயணத்துக்கும் மதிய உணவுக்கும் ஒதுக்கிவிட்டு, மாலையில் திருமுருகன்பூண்டியைப் பார்க்கலாம். சுந்தரர் சேர நாட்டிலிருந்து கொண்டுவந்த பொருளை வேடுவர்கள் பறித்துக்கொண்டதாகச் சொல்லப்படும் தலம் அது. பெருவழியில் அரசன் காவல் உண்டு என்று காலையில் படித்த பிள்ளைகள், வழிப்பறியின் கதையை மாலையில் அதே திசையில் கேட்பது பொருத்தமாக இருக்கும். கோயிலைவிடவும் நான் வற்புறுத்துவது அவ்வூரின் சிற்பக்கூடங்களை. இன்றும் அங்கே கல்தச்சர்கள் உளி பிடித்து வேலை செய்கிறார்கள். அனுமதி கேட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால், ஒரு தூண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பாடநூலின் எந்தப் படத்தாலும் தர முடியாத தெளிவோடு பிள்ளைகள் அறிவார்கள்.

இரண்டாம் நாள் காலையில் விசயமங்கலம். கோவை, ஈரோடு நெடுஞ்சாலையில் நாம் எத்தனையோ முறை கடந்து சென்றிருக்கும் ஊர். சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்கு எடுக்கப்பட்ட சமணக் கோயில் அங்கே உயர்ந்த கோபுரத்துடன் நிற்கிறது. மக்கள் அதை நெட்டைக் கோபுரம் என்கிறார்கள். சிரவணபெளகொளாவில் கோமதீசுவரர் சிலையை நிறுவிய கங்க நாட்டு அமைச்சர் சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை வடக்கிருந்து, அதாவது உண்ணாநோன்பு நோற்று, உயிர் துறந்ததை நினைவுபடுத்தும் கல்வெட்டு இக்கோயிலில் உள்ளது. கன்னட நாட்டின் அரசியலும் கொங்கு நாட்டின் சமயமும் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அருகிலுள்ள திங்களூர்ச் சமணக் கோயிலில் சக ஆண்டு 967, அதாவது கி.பி. 1045 எனக் காலம் குறிக்கப்பட்ட கல்வெட்டு, கொங்குச் சோழன் விக்கிரமனின் நாற்பதாம் ஆட்சியாண்டையும் சேர்த்துச் சொல்வதால், அந்த மரபின் காலவரிசையைக் கணக்கிட ஆய்வாளர்களுக்குப் பிடிமானமாக அமைந்தது. இலக்கண வகுப்பில் நன்னூல் படிக்கும் பிள்ளைகளுக்கு, பவணந்தி முனிவர் பிறந்ததாக மரபு கூறும் சீனாபுரமும் இதே பெருந்துறை வட்டாரத்தில்தான் இருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லி வைக்கலாம்.

அடுத்து பவானிக்குச் செல்ல வேண்டும். ஆறுகள் கூடும் கூடுதுறையில் நிற்பதோடு பேருந்தைத் திருப்பிவிடாதீர்கள். பவானியாறு காவிரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே, 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் கட்டிய அணையும் அதிலிருந்து பிரியும் வாய்க்காலும் இந்தப் பயணத்தின் தலையாய காட்சி என்றே நான் கருதுகிறேன். ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி, கொடுமுடிப் பக்கம் நொய்யலில் சேரும் அந்த வாய்க்கால் நேராக ஓடுவதில்லை. பாம்பு போல வளைந்து வளைந்து செல்கிறது. நிலத்தின் மட்டத்தை ஒட்டி, சரிவு மிகாமல், நீர் தன் போக்கிலேயே நெடுந்தூரம் செல்லும்படியும் அதிக வயல்களுக்குப் பாயும்படியும் அமைத்ததன் விளைவு அந்த வளைவுகள். கணித ஆசிரியரையும் அறிவியல் ஆசிரியரையும் கட்டாயம் உடன் அழைத்துச் செல்ல வேண்டிய இடம் இதுதான். வரலாற்று ஆசிரியர் மட்டும் பேசினால் பாதிதான் புரியும். வாய்க்கால் தன் சொந்த நலனுக்காக வெட்டப்பட்டது என்ற பழி வரக்கூடாது என்பதற்காகக் காலிங்கராயன் இந்தப் பாசனப் பகுதியை விட்டே நீங்கிப் பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்று மக்கள் சொல்லும் கதையை, கதை என்ற குறிப்போடு சொல்லலாம். சாயக் கழிவும் தோல் பதனிடும் கழிவும் இந்த வாய்க்காலை எப்படிக் கெடுத்தன, கழிவு நீரைப் பிரிப்பதற்காக அதன் ஓரமாகவே பேபி கால்வாய் ஏன் கட்டப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டாம். மஞ்சளும் வாழையும் நெல்லும் நிற்கும் கரையோரமாகச் சிறிது தூரம் நடந்தே செல்லட்டும்.

பயணத்தைக் கொடுமுடியில் முடிக்கலாம். பாண்டியன் மாறவர்மன் இராசசிம்மன் காவிரியைக் கடந்து வந்து பாண்டிக்கொடுமுடிப் பசுபதியை வணங்கிப் பொன்னையும் மணியையும் குவித்ததாக வேள்விக்குடிச் செப்பேடு சொல்கிறது. அது 8ஆம் நூற்றாண்டுச் செய்தி. நேரம் குறைவாக இருந்தால் இந்த ஊரை விட்டுவிடலாம், வாய்க்காலை விட்டுவிடாதீர்கள்.

"இரண்டு நாளும் கோயிலா?" என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள் என்றும், எல்லாச் சமயப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளியில் இது சரிவருமா என்றும் நீங்கள் கேட்கக்கூடும். இரண்டும் நியாயமான கேள்விகள். வழிபாடு இந்தப் பயணத்தின் நோக்கமாக இருக்கக்கூடாது. பிரகாரத்திலும் புறச்சுவரிலும் அடித்தளத்திலும் உள்ளவற்றைப் பார்ப்பதற்குத் தரிசன வரிசையில் நிற்க வேண்டியதில்லை. விரும்பும் பிள்ளைகள் போய்வரட்டும், மற்றவர்களை வற்புறுத்த வேண்டாம். பாறை, சிற்பக்கூடம், அணை, வாய்க்கால் என்று பாதிக்கு மேல் கோயிலுக்கு வெளியே அமைந்த திட்டம் இது. ஒரு நாளைக்கு மூன்று இடங்களுக்கு மேல் சேர்க்காமல் இருந்தால் சலிப்பும் வராது. திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்லி அந்த இரண்டு நாளையும் தண்டனையாக்கிவிடாதீர்கள் என்பது ஒரு பெற்றோராக என் தனிப்பட்ட மன்றாட்டு.

கல்வெட்டுகளைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் உடன் வர வேண்டும். அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறைகளையும் அரசு அருங்காட்சியகங்களையும் தொல்லியல் துறையையும் பள்ளியின் தாளில் எழுதி முன்கூட்டியே அணுகுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மாவையோ சுண்ணக்கட்டியையோ கல்லில் தேய்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது கல்லைக் கெடுக்கும் என்று புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும் வெயிலே போதும், எழுத்து தானாகத் தெரியும். அதனால்தான் பாறையைக் காலையில் வைத்திருக்கிறேன்.

மார்கழியில் அரையாண்டுத் தேர்வு முடிந்துவிடும். தை 5ஆம் நாளைக் காலிங்கராயன் நாளாகக் கொண்டாடுவதால் அதை ஒட்டிய வாரத்தில் வாய்க்காலைப் பார்ப்பது சிறப்பு. வெயிலும் அப்போது தாங்கும்படி இருக்கும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைப் பொருளாகச் சேர்த்து, பேருந்துச் செலவையும் இரவு தங்குமிடத்தையும் பேசி முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளுக்காகப் பெற்றோர்களிடம் நிதி திரட்டும் பொறுப்பை என் வட்டாரத்தில் நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
பெருந்துறை வட்டாரப் பெற்றோர் ஒருவர்