கண்ணிலா, வயரிலா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பேனா பிடிக்க வேண்டிய நேரமெல்லாம் வண்டிக்கு அடியில் போய்விட்டது. நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் இன்னும் இறங்கவில்லை. "சோப்பு தீர்ந்தது, அழுக்கு தீரவில்லை" என்கிறாள் உன் தங்கச்சி.

பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மூட்டுவலியைப் பற்றி நீயே சிரித்துக்கொண்டு எழுதியிருப்பதால் நானும் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகிறேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போட்டிருந்தாயே, "ராத்திரியில் கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன், கண் சரியாகத் தெரிவதில்லை, வயசாகிவிட்டதடா" என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் ஒரு மழை ராத்திரி, கறுப்புக் குடை பிடித்துச் சாலையோரம் நடந்துபோன ஒருவரைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் நிற்கவில்லை. கண்புரை வந்துவிட்டது என்று நானே முடிவுகட்டிக்கொண்டு கண் மருத்துவரிடம் போனேன். அவர் கருவியில் முகவாயை வைக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "புரை எதுவும் இல்லை, கண்ணாடியில் கால் பவர் கூட்டலாம், அவ்வளவுதான்" என்றார். அத்துடன் ஒரு விஷயம் சொன்னார்: 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த ஒளியில், 60 வயதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சேருமாம். கண்ணின் பாப்பா சுருங்கிவிடுகிறது, உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளடித்துவிடுகிறது. சரி, வயசுதான் என்று நானும் ஒத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே சின்னவள் அதே வண்டியை ராத்திரியில் ஓட்டினாள். 24 வயசு, கழுகுக் கண். பத்து நிமிஷம் ஓட்டிவிட்டுக் கேட்டாள்: "அப்பா, லைட் போட்டிருக்கேனா, இல்லையா?"

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் சாயங்காலம் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உனக்கும் சொல்லித் தருகிறேன், பெரிய வித்தை இல்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை டிம்மில் போட்டுவிட்டு, முதலில் பேட்டரி முனைகளில் வோல்டேஜ் பார். எனக்கு 14.1 காட்டியது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு பல்பின் பின்னால் மாட்டியிருக்கும் சாக்கெட்டிலேயே, அதைக் கழற்றாமல், விளக்கு எரியும்போதே முனையைக் குத்திப் பார்க்க வேண்டும். கழற்றிவிட்டுப் பார்த்தால் கரண்ட் ஓடாது, முழு வோல்டேஜ் இருப்பதாக மீட்டர் பொய் சொல்லும். நான் முதலில் அப்படித்தான் ஏமாந்தேன். எரியவிட்டுப் பார்த்தபோது 11.6. இரண்டரை வோல்ட் வழியிலேயே காணோம்.

இரண்டரைதானே என்று நினைக்காதே. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு சமமாகக் குறைவதில்லை, அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சரியும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். என் கணக்குக்கு ஏறத்தாழ பாதி வெளிச்சம். கண் தன் பங்குக்கு மூன்றில் ஒன்றாக்கிவிட்டது, வண்டி அதையும் பாதியாக்கிவிட்டது. பழியை மட்டும் முழுசாகக் கண் வாங்கிக்கொண்டது.

வோல்டேஜ் எங்கே போகிறது என்று தேடினேன். பேட்டரியில் கிளம்பும் கரண்ட், ஃப்யூஸ் பெட்டிக்குப் போய், அங்கிருந்து டேஷ்போர்டு சுவிட்ச், அப்புறம் ஸ்டியரிங் பக்கத்து டிம்-பிரைட் சுவிட்ச், மறுபடி இன்ஜின் பக்கம் வந்து பல்பு. ஒரு முழம் தள்ளியிருக்கும் விளக்குக்கு ஊரைச் சுற்றி வருகிறது. வயரும் மெல்லிசு. வழியில் எத்தனை சாக்கெட், எத்தனை சுவிட்ச் முனை! 22 வருஷத்தில் ஒவ்வொன்றிலும் பச்சைக் களிம்பு ஏறி, ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்றுவிடுகிறது.

இதில் என் கைங்கரியமும் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் "வெளிச்சம் பத்தலை" என்று 100 வாட் பல்பு வாங்கிப் போட்டேன். வண்டிக்கு உரியது 60/55 வாட் எச்4. இரண்டு நாளில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் கருகும் வாசனை. பழைய பல்பையே திரும்பப் போட்டுவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி இருந்துவிட்டேன். இப்போது சுவிட்சைக் கழற்றினால், உள்ளே செப்பு முனை கறுத்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகி உறைந்து கிடக்கிறது. அன்றைக்கு நான் வைத்த சூடுதான் இன்றைக்கு எனக்கே இருட்டாக வந்தது.

மருந்து ரிலே, அதாவது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண் போட்டிருக்கும். எந்தக் கம்பெனி ரிலேயானாலும் பெரும்பாலும் இதே எண்கள்தான். 30-ல் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், 87-லிருந்து பல்புக்குத் தடித்த வயர். பழைய வயர் இனி 86-க்கு வந்து, 85 வழியாக எர்த்துக்குப் போய், ரிலேயின் சுருளை மட்டும் இழுத்தால் போதும். அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். முன்னால் ஒன்பது ஆம்பியரைச் சுமந்துகொண்டிருந்த சுவிட்ச் இப்போது சும்மா தலையாட்டுகிற வேலைதான் பார்க்கிறது. நான் போட்டது 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். ரிலேக்கு ஒன்றாக 15 ஆம்பியர் ஃப்யூஸ், பேட்டரியை ஒட்டியே. இந்த ஒட்டியே என்பதில் மட்டும் சோம்பல்படாதே. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் இருக்கும் வயர் எங்காவது தகட்டில் உரசிவிட்டால் காப்பாற்ற ஆள் கிடையாது, நேராகத் தீதான். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவை.

எல்லாம் மாட்டிவிட்டு அளந்தால் 13.2. ஆசைப்பட்ட அளவுக்கு ஏறவில்லை. அரை மணி நேரம் ரிலேயைத் திட்டிக்கொண்டிருந்தேன். குறை எர்த்தில். பல்பிலிருந்து கிளம்பி பாடியில் முடுக்கியிருந்த அந்த ஒற்றை ஸ்க்ரூவை எடுத்ததும் துருப்பொடி கொட்டியது. போகிற வழியைப் பார்க்கிறோமே தவிர, திரும்பி வருகிற வழியை யாரும் பார்ப்பதில்லை. பெயின்ட் போய்த் தகடு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து, புது வளைய முனை வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினேன். மீட்டர் 13.8 காட்டியது. உன் தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "அட, பகலாட்டம் இருக்கு" என்றாள்.

விளக்கின் முகப்பு வேறு மஞ்சளாகிப் பால் படிந்த மாதிரி இருந்தது. பற்பசை தேய்த்தால் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. நானும் தேய்த்தேன், ஒரு மாதம் பளபளத்துவிட்டு மறுபடி மஞ்சள். முகப்பு பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே வெயிலைத் தடுக்கும் பூச்சு ஒன்று இருக்கும், அது அரித்துப் போவதுதான் நோய். 800, 1500, 2000 என்று உப்புத்தாளைத் தண்ணீர் விட்டு வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை அடித்தேன். அந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் தண்ணீரோடு போச்சு.

அப்புறம் எதிரே வருபவனின் சாபம் வாங்காமல் இருக்க, விளக்கைக் குறிவைக்க வேண்டும். சமதரையில், டயரில் காற்று சரியாக இருக்கும்போது, சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் நடு உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி ஸ்க்ரூவைத் திருகினேன்.

"எல்இடி பல்பு போட்டுவிடு, முடிந்தது வேலை" என்று உன் மருமகன் சொன்னதாக எழுதியிருந்தாய். ஹாலஜனுக்காகச் செய்த விளக்குக் கிண்ணத்தில் அதைப் போடாதே என்று சொல். ஹாலஜன் பல்பின் இழை நிற்கும் அந்த ஒரு புள்ளியை வைத்துத்தான் கிண்ணத்தின் வளைவையே கணக்குப் போட்டிருக்கிறார்கள். வெளிச்சம் வேறு இடத்திலிருந்து புறப்பட்டால் சிதறும். நமக்கு முன்னால் வெள்ளையாகத் தெரியும், தூரத்தில் ஒன்றும் இருக்காது, எதிரே வருபவனுக்குக் கண் கூசும். பல நாடுகளில் சட்டமும் இடம் தருவதில்லை.

விளக்கு சரியானதும் சின்னவள் ஒரு கேள்வி போட்டாள்: "தூரத்துல தெரியுது சரி, நிக்குமா?" பிரேக் ஆயிலை எப்போது மாற்றினோம் என்று யோசித்தால் நினைவே வரவில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி தாங்கினாலே தரச்சான்றுக்குப் போதும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி உள்ளே ஆவி கட்டினால் மிதி பஞ்சு மாதிரி தரைக்குப் போய்விடும். இரண்டு வருஷத்துக்கொரு முறை மாற்ற வேண்டியதை நான் எத்தனை வருஷம் விட்டேனோ, கடுங்கஷாய நிறத்தில் வந்தது. சின்னவள் உள்ளே, நான் கீழே. "மிதி", "பிடி", "விடு" என்று ஒரு மத்தியானம் முழுக்க. பழைய ஆயிலை வெளியே விடும் நிப்பிள், பின் சக்கரத்தில் அசையவே இல்லை. அதோடு மல்லுக்கட்டியிருந்தால் உடைந்திருக்கும். துரு இளக்கும் எண்ணெயை ராத்திரி விட்டுவைத்து, காலையில் ரிங் ஸ்பேனரால் திருகினேன், வழிவிட்டது. பிரேக் ஆயில் ஒரு சொட்டு மட்கார்டில் விழுந்ததைப் பார்க்காமல் விட்டதில் காசளவு பெயின்ட் உரிந்துவிட்டது. உனக்கு அப்படிச் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்க மாட்டேன், பயப்படாதே. ஸ்டாண்டு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். டைமிங் பெல்ட்டை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டேன். அதில் ஒரு பல் தப்பினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும் ரக இன்ஜின் நம்முடையது.

இடையில் ஒரு வேடிக்கை. வண்டி சூடேறவே நேரமாகிறது, பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது, இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடிவைக்கும் தெர்மோஸ்டாட் கெட்டிருக்கும் என்று புதிது வாங்கி வந்தேன். மாட்டும் முன் நூலில் கட்டிக் கொதிக்கப்போகும் தண்ணீரில் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, 82 டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. பழையதை எடுக்கலாம் என்று மூடியைக் கழற்றினால் உள்ளே வெறும் ஓட்டை. எப்போதோ யாரோ "சூடாகாமல் இருக்கட்டும்" என்று எடுத்து எறிந்திருக்கிறார்கள். இல்லாத ஆளை இத்தனை வருஷமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு ஏறி இறங்கச் சிரமம் என்று சீட்டுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தலாமென்று ஒரு யோசனை வந்தது. சீட் போல்ட்டில்தான் மோதலின் பாரம் முழுக்க இறங்கும், அதில் கைவைக்க மனசு வரவில்லை. உள்ளே அமுங்கிப்போயிருந்த ஃபோமை மட்டும் மாற்றினேன். சீட் மூன்று விரல்கடை எழும்பியது. அம்மா இப்போது யார் கையையும் பிடிக்காமல் இறங்குகிறாள்.

நேற்று ராத்திரி நான்தான் ஓட்டினேன், நாற்பது கிலோமீட்டர். கால் பவர் கூட்டிய கண்ணாடியும் போட்டிருந்தேன். கண்ணைப் பரிசோதிக்காதே என்று நான் சொல்லவில்லை, அதையும் பார்த்துவிடு. ஆனால் சாவியை மருமகனிடம் கொடுப்பதற்கு முன்னால் பல்பின் பின்னால் வோல்டேஜை அளந்து எனக்கு எழுது. பானெட்டைத் திறக்கும்போதே டிக்கியையும் திற. ஸ்டெப்னி டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3218 என்றால் 2018-ஆம் வருஷம் 32-ஆவது வாரம் செய்த டயர். என்னுடையதைப் பார்த்தேன், சின்னவள் ஐந்தாம் வகுப்பு படித்தபோது வந்த டயர். உன்னுடையது என்ன போட்டிருக்கிறது?

அன்புடன்,
மூர்த்தி