மீட்பினால் வரும் மதிப்பில் சப்ளையருக்குப் பங்கில்லையா? – நிறுவன விவகாரங்கள் அமைச்சகத்துக்கும் திவால் வாரியத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தைத் திருத்துவதற்காக 2025 ஆகஸ்ட் 12 அன்று மக்களவையில் வைக்கப்பட்ட மசோதாவைப் பற்றி வங்கிகளும் பெரிய வழக்கறிஞர் நிறுவனங்களும் நிறையவே பேசியிருக்கின்றன. நொடித்துப்போன நிறுவனங்களுக்குச் சரக்கு கொடுத்துவிட்டுப் பணம் வராமல் நிற்கும் சிறு சப்ளையர்களுக்குக் கோரிக்கைப் படிவம் தயாரித்துக் கொடுக்கும் கணக்காளன் நான். அந்தப் பேச்சில் அதிகம் இடம்பெறாத ஒன்றைக் குறித்து எழுதுகிறேன். ஒரு நிறுவனம் கலைக்கப்படாமல் மீட்கப்படும்போது, அந்த மீட்பினாலேயே உண்டாகும் கூடுதல் மதிப்பு யாருக்குச் சேர வேண்டும் என்பதே அது.

சட்டத்தின் 30(2)(ஆ) பிரிவு, செயல்பாட்டுக் கடனீந்தோருக்கு, அதாவது சரக்கோ சேவையோ கொடுத்துப் பணம் வர வேண்டியவர்களுக்கு, ஒரு குறைந்தபட்சத் தொகையை உறுதி செய்கிறது. நிறுவனத்தைக் கலைத்தால் அவர்களுக்குக் கிடைக்கும் தொகை ஒன்று. நிறுவனத்தை மீட்பதற்கான தீர்வுத் திட்டத்தின் பணத்தை, யாருக்கு முதலில் தர வேண்டும் என்று கூறும் 53-ஆம் பிரிவின் வரிசைப்படி பிரித்தால் கிடைக்கும் தொகை மற்றொன்று. இரண்டில் எது அதிகமோ அதைத் தர வேண்டும். கேட்பதற்குத் தாராளமாகவே இருக்கிறது. ஆனால் 53-ஆம் பிரிவின் வரிசையில் நடைமுறைச் செலவு, தொழிலாளர் நிலுவை, பிணையுள்ள வங்கிக் கடன், ஊழியர் சம்பளம், பிணையற்ற நிதிக் கடன், அரசு பாக்கி ஆகிய அனைத்துக்கும் பின்னால்தான் சப்ளையர் நிற்கிறார். கலைத்தால் 100 கோடி ரூபாயும் மீட்டால் 250 கோடி ரூபாயும் தேறக்கூடிய ஒரு நிறுவனத்துக்கு 400 கோடி ரூபாய் பிணையுள்ள வங்கிக் கடன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு கணக்கிலும் சப்ளையருக்கு வருவது சுழியே. நிறுவனம் உயிரோடு இருப்பதால் மட்டுமே தோன்றிய 150 கோடி ரூபாயில் அவருக்கு ஒரு ரூபாய்கூடச் சட்டப்படி உரிமையில்லை.

அந்த 150 கோடியை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். கடன் வசூல் நடவடிக்கைகள் நிறுத்தி வைக்கப்படும் தடைக்காலத்தில், இன்றியமையாதது என்று நிறுவனத்தை அப்போது நடத்தும் தீர்வாளர் கருதும் சரக்கை நிறுத்தக்கூடாது என்று 14(2அ) பிரிவு அவரைக் கட்டுப்படுத்துகிறது. அக்காலத்தில் கொடுத்த சரக்குக்குப் பணம் உண்டு. பழைய பாக்கி அப்படியே நிற்கும். பில் போட்டபோதே கட்டிய ஜிஎஸ்டியை, பாக்கி வாராக்கடன் ஆனாலும் திரும்பப் பெற வழியில்லை. பிரிட்டனில் பணம் வர வேண்டிய நாள் கடந்து ஆறு மாதமானால் வாட் வரியைத் திரும்பக் கேட்கலாம். அது உங்கள் துறையைச் சேர்ந்ததன்று என்பதை அறிவேன்; ஆயினும் இழப்பின் முழு அளவு தெரிய வேண்டுமல்லவா?

2019 ஜனவரியில் ஸ்விஸ் ரிப்பன்ஸ் வழக்கிலும் அதே ஆண்டு நவம்பரில் எஸ்ஸார் ஸ்டீல் வழக்கிலும், வங்கி போன்ற நிதிக் கடனீந்தோரையும் செயல்பாட்டுக் கடனீந்தோரையும் சட்டம் வேறுபடுத்துவது சரியே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனம் பிழைக்குமா என்று எடைபோடும் திறன் வங்கிகளுக்கே உண்டு, ஆகவே வாக்கும் அவர்களுக்கே என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் முடிவெடுக்கும் உரிமை வேறு, பலனில் பங்கு வேறு. முன்னதை வங்கிகளிடம் விட்டுவிட்டு, பின்னதற்கு நியாயமான அளவுகோலைச் சட்டமே வைக்கலாம்.

அப்படி ஓர் அளவுகோலைத்தான் இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் அண்மையில் உருவாக்கி வருகின்றன. எதிர்ப்புத் தெரிவிக்கும் கடனீந்தோர் வகுப்பையும் மறுசீரமைப்புத் திட்டத்துக்குக் கட்டுப்படுத்த 2020-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே இடமளித்தது. கலைத்தால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது, எனவே கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று நிறுவனங்கள் வாதிட்டன. 2024 ஜனவரியில் ஆட்லர் என்ற நிறுவனத்தின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் போக்குக்குக் கடிவாளமிட்டது. 2025 ஜூலை 1 அன்று பெட்ரோஃபாக் என்ற நிறுவனத்தின் வழக்கில் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. புதுப் பணம் போடுவோருக்கு மீட்கப்பட்ட நிறுவனத்தின் பெரும்பங்கு ஏன் போகிறது, சந்தையில் அதே பணம் எந்த விலைக்குக் கிடைத்திருக்கும் என்பதை நிறுவனம் விளக்கவில்லை என்று கூறி, கீழ் நீதிமன்றம் தந்த ஒப்புதலை ரத்து செய்தது. மறுசீரமைப்பினால் காக்கப்படும் அல்லது புதிதாகத் தோன்றும் பலன் நியாயமாகப் பகிரப்படுகிறதா என்பதே கேள்வி, கலைப்பு மதிப்பு மட்டும் அதற்கு விடையாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அவ்வழக்கில் எதிர்த்து நின்றவை சைபெம், சாம்சங் குழும நிறுவனம் போன்ற பெரியவை. மேல்முறையீட்டுச் செலவைத் தாங்க அவற்றால் முடிந்தது. நட்டும் போல்ட்டும் கொடுத்தவரால் முடியாது. எனவே நீதிமன்றத்தின் நல்லெண்ணத்தை நம்பாமல் விதியிலேயே பாதுகாப்பு இருக்க வேண்டும். அமெரிக்காவில், திவால் மனுவுக்கு முந்தைய 20 நாட்களில் வழக்கமான வணிகத்தில் வந்து சேர்ந்த சரக்கின் விலை 2005 முதல் நிர்வாகச் செலவுக்குரிய முன்னுரிமையைப் பெறுகிறது. பிணையற்ற கடனீந்தோருக்கெனத் தனிக் குழுவும், நொடித்த நிறுவனத்தின் பணத்திலிருந்தே அக்குழுவுக்கு வழக்கறிஞர் கட்டணமும் உண்டு. இங்கே, மொத்தக் கடனில் 10 சதவீதம் இருந்தால் செயல்பாட்டுக் கடனீந்தோரின் பிரதிநிதி, திட்டத்தை வாக்கெடுத்து முடிவு செய்யும் கடனீந்தோர் குழுவின் கூட்டத்தில் உட்காரலாம், வாக்கு கிடையாது.

வெளிநாட்டு முன்மாதிரி வேண்டாமென்றால் நம் சட்டத்துக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் கடனாளியாகும்போது பயன்படுத்த 2021-இல் கொண்டுவரப்பட்ட முன்கூட்டிய தீர்வு முறையில், செயல்பாட்டுக் கடனீந்தோரின் பாக்கியைக் குறைக்காத, கடனாளி நிறுவனமே முன்வைக்கும் அடிப்படைத் திட்டத்தைத்தான் கடனீந்தோர் குழு போட்டியின்றி ஏற்கலாம். குறைத்தால் வேறு திட்டங்களை வரவழைத்து ஒப்பிட வேண்டும் என்று சட்டத்தின் 54-கே பிரிவு கூறுகிறது. சிறுதொழில் கடனாளியாக வரும்போது காட்டும் இந்த அக்கறையை, அதே சிறுதொழில் கடன் கொடுத்தவராக வரும்போது ஏன் காட்டக்கூடாது? 2020 மார்ச்சில் திவால் மனு போடத் தேவையான குறைந்தபட்சப் பாக்கித் தொகை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாயாக உயர்ந்த பிறகு, சிறு சப்ளையர்களில் பெரும்பாலோர் இவ்வழக்குகளை விசாரிக்கும் நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் கதவைத் தாங்களாகத் தட்டவும் முடியாது.

2025 மசோதாவில் உள்ள, கடனீந்தோர் தொடங்கும் தீர்வு முறை இந்த இடைவெளியை அகலமாக்கும் என்று அஞ்சுகிறேன். அறிவிக்கப்படும் நிதி நிறுவனங்கள் மதிப்பில் 51 சதவீத ஒப்புதலுடன் தீர்ப்பாயத்துக்கு வெளியிலேயே அதைத் தொடங்கலாம். நிர்வாகம் பழைய இயக்குநர்களிடமே இருக்கும். 150 நாட்களில் முடிய வேண்டும். வேகம் நல்லதே. ஆனால் வங்கியும் பழைய நிர்வாகமும் மட்டும் பேசி முடிக்கும் அறையில் சப்ளையரின் பாக்கிதான் முதலில் வெட்டுப்படும். ஆகவே 54-கே பிரிவின் அதே சோதனையை இம்முறைக்கும் பொருத்துங்கள். 20 நாள் சரக்குக்கான முன்னுரிமையைப் பெற நாடாளுமன்றம் போக வேண்டும். அதற்கான முன்மொழிவை அமைச்சகம் தொடங்க வேண்டும்.

நாடாளுமன்றத்துக்குக் காத்திராமல் வாரியமே செய்யக்கூடியதும் உண்டு. எல்லாத் தரப்பினரின் நலனும் எவ்வாறு கருதப்பட்டது என்று தீர்வுத் திட்டம் சொல்ல வேண்டும் என வாரியம் வகுத்த நிறுவனத் தீர்வு விதிகளின் 38-ஆம் ஒழுங்குமுறை ஏற்கெனவே கோருகிறது. நடைமுறையில் அது ஒரு வரிச் சடங்காகிவிட்டது. கலைப்பு மதிப்பு எவ்வளவு, திட்டத்தின் மதிப்பு எவ்வளவு, இடையிலுள்ள தொகை எந்த வகுப்புக்கு எவ்வளவு போகிறது, செயல்பாட்டுக் கடனீந்தோருக்குச் சுழி என்றால் அதற்குக் காரணம் என்ன என்பவற்றைத் திட்டம் எண்களோடு கூற வேண்டும் என்று அந்த ஒழுங்குமுறையைத் திருத்துங்கள். இதனால் வங்கிக் கடன் விலையேறும் என்ற ஆட்சேபம் வரும். கணக்கைக் காட்டச் சொல்வதால் எந்த வங்கியின் பங்கும் குறையாது. குறைக்கலாமா என்று விவாதிக்கத் தேவையான தரவு மட்டும் முதன்முறையாக நம் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
சிறுதொழில் நிறுவனங்களுக்குக் கணக்கு பார்க்கும் ஒருவன்