ஆக்கர் கடைக்குப் போகும் பிரமாணங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளில் முதியவர் ஒருவர் காலமானால், பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த கையோடு வீட்டையும் ஒழித்துவிடும் வழக்கம் பெருகிவருகிறது. பிள்ளைகள் வளைகுடாவிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ குறைந்த விடுப்பில் வந்திருப்பார்கள் என்பதால் அந்த அவசரத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாத்திரமும் நகையும் எண்ணிப் பிரிக்கப்படும் வீட்டில் காகிதங்கள் மட்டும் பிரித்துப் பார்க்கப்படாமலே, பழைய பொருள் வாங்கும் ஆக்கர் கடைக்கு எடைக்குப் போவதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

உருளி யாருக்கு, குத்துவிளக்கு யாருக்கு என்பதில் உடன்பிறந்தாருக்குள் மனத்தாங்கல் வருவதுண்டு. மச்சில் கிடக்கும் டிரங்குப் பெட்டிக்காக எவரும் சண்டையிட்டு நான் பார்த்ததில்லை. அண்மையில் மறைந்த என் பெரியப்பாவின் தக்கலை வீட்டை ஒழித்தபோதும், செல்லரித்த கட்டுகளை ஆக்கர் கடைக்கு அனுப்பிவிடலாம் என்றே உறவினர் பலர் கூறினர். அடுத்த தெருவில் மலையாளம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். அவர் அந்த மலையாளத் தாள்களைப் பொறுமையாக வாசித்துச் சொன்ன பிறகே, பெரியப்பாவின் தந்தை வாங்கிய விளையின் (தோட்ட நிலத்தின்) பிரமாணமும் (பத்திரமும்), ஒற்றி மீட்ட முறியும் (ஆவணமும்), கரம் ஒடுக்கிய (வரி கட்டிய) ரசீதுகளும் அவற்றுள் இருப்பது வீட்டாருக்குத் தெரிந்தது.

இது ஒரு குடும்பத்தின் கதையன்று. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை திருவிதாங்கூர் ஆட்சியிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தவை. ஆகவே அதற்கு முந்தைய நில ஆவணங்கள் பெரும்பாலும் மலையாள எழுத்திலும், தேதிகள் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டிலும் அமைந்திருக்கின்றன. தமிழ்வழியிலோ ஆங்கிலவழியிலோ படித்த பேரப்பிள்ளைகளுக்கு அந்த எழுத்தும் புரிவதில்லை, அந்த ஆண்டும் புரிவதில்லை. சிங்க மாதம் (ஆவணி) முதல் தனு மாதத்தின் (மார்கழி) நடுப்பகுதிவரை கொல்லம் ஆண்டோடு 824-ஐயும், ஜனவரி பிறந்தபின் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ‘1112 துலாம்’ (ஐப்பசி) என்று எழுதியிருந்தால் அது 1936-ஆம் ஆண்டு. இந்தச் சிறு கணக்குத் தெரியாததால், நான்கெல்லைகளும் பங்குகளும் தெளிவாக எழுதப்பட்ட மூலப் பிரமாணம் கழிவுக் காகிதமாகிறது. வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாற்றும்போது தகராறு எழுந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்பதற்குக்கூட ஆவண எண்ணும் ஆண்டும் தேவைப்படும். அவை எழுதப்பட்டிருந்த தாளைத்தான் நாம் எடைக்குப் போட்டிருப்போம்.

சொத்தோடு தொடர்பில்லாத தாள்களையும் உடனே கழித்துவிடலாகாது. 1951-இல் இந்தியத் தபால் துறையோடு இணைக்கப்படும்வரை திருவிதாங்கூர் தனியாக நடத்திவந்த அஞ்சல் சேவையின் அட்டைகளும், தாய்த் தமிழகத்தோடு இணையக் கோரிய போராட்டத்தின் துண்டறிக்கைகளும் இங்குள்ள வீடுகளில்தான் எஞ்சியிருக்க முடியும். அந்தப் போராட்டத்தின்போது 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் உறவினரை இழந்த குடும்பங்களின் பெட்டிகளை இன்னும் கவனமாகத் திறக்க வேண்டும். 1938-இல் வீழ்ந்த திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியின் கணக்குப் புத்தகம் கிடைத்தால் அதிலிருந்து இனிப் பணம் வராது என்பது உண்மையே. அதற்காக அதைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. பிற்காலத்து வங்கிப் புத்தகங்களுக்கோ பணமதிப்பே இருக்கலாம். பத்து ஆண்டுகளுக்கு மேல் கோரப்படாத வைப்புகளை ரிசர்வ் வங்கியின் உத்கம் (UDGAM) இணையதளத்தில் தேடிப் பார்க்க முடிகிறது.

துக்க வீட்டுக்கு ஓலைச்சுவடி கேட்டு வரும் வியாபாரிகளிடமும் எச்சரிக்கை வேண்டும். வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புடைய, 75 ஆண்டுகளுக்குக் குறையாத பழைமை கொண்ட சுவடிகள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருபவை. உரிமம் இல்லாதவர் அவற்றை வணிகம் செய்யவோ, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவோ சட்டம் இடந்தரவில்லை.

கட்டுகளை அவை இருந்த வரிசை கலையாமல் வைப்பது நல்லது, ஏனெனில் எந்தத் தாள் எந்த நிலத்துக்கு உரியது என்பது பெரும்பாலும் அந்த வரிசையிலிருந்தே புலப்படும். கிழிசலைப் பசை நாடாவால் ஒட்டுவதும் லேமினேஷன் செய்வதும் தாளைக் காப்பதாகத் தோன்றினாலும் நாளடைவில் கெடுக்கவே செய்யும். கைபேசியில் படமெடுத்து உடன்பிறந்தார் அனைவருக்கும் அனுப்பிவிட்டால், மூலத்தை ஒருவர் வைத்திருப்பதில் ஐயம் எழாது.

திருவிதாங்கூர் அரசர்களின் பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தும் கேரளத் தொல்லியல் துறை அதைப் பராமரித்து வருகிறது. அரண்மனைக்கு இரு மாநிலத்தாரும் காட்டும் அக்கறை, அதே அரசின் குடிமக்களாக இருந்தோரின் காகிதங்களுக்குக் கிடைக்கவில்லை. மாவட்ட நிர்வாகம் நினைத்தால் இது பெருஞ்செலவான காரியமன்று. திங்கள்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்திலோ வட்டாட்சியர் அலுவலகங்களிலோ, பழைய மலையாள ஆவணங்களை வாசித்துத் தமிழில் சுருக்கம் எழுதித் தரும் ஒருவரை அமர்த்தலாம். மலையாளம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இம்மாவட்டத்தில் பலர் இருக்கின்றனர். பக்கத்துக்கு இவ்வளவு எனக் கட்டணம் வகுத்து அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால், இடைத்தரகர்கள் கேட்ட தொகையைக் கொடுக்கும் நிலையும் மக்களுக்கு நேராது. இக்கோரிக்கையை மாவட்ட ஆட்சியரின் கவனத்துக்குத் தங்கள் நாளிதழ் கொண்டுசெல்ல வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கல்குளம் வட்டத்து வாசகர் ஒருவர்