நெற்றிச் சுழி

அன்புள்ள செல்வம்,

போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

நீ போட்டோ அனுப்பிய வெள்ளைக் குதிரையை நாயுடுபுரம் பக்கம் போய்ப் பார்த்தேன். நல்ல கால். ஆளைக் கண்டால் காதைப் பின்னுக்கு மடிக்காத குணம். இதை வாங்கி நம் பெண்குதிரைகள் ராணிக்கும் மல்லிக்கும் சேர்த்தால் அடுத்த வருடம் இரண்டு குட்டி என்ற உன் கணக்கும் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் நெற்றி மயிரை ஒதுக்கிப் பார்த்தேன். ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு சுழி. இடது கழுத்தில் பிடரிக்குக் கீழே நீளமாக ஒன்று. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அது நம் ராணி ஈன்ற குட்டி.

விற்கும்போது கறுப்பாக இருந்ததே என்பாய். இந்த மாதிரி வெள்ளைக் குதிரைகள் பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோதான் இருக்கும், வருடத்துக்கு வருடம் வெளுக்கும். ராணியும் அப்படித்தான் வெளுத்தாள். சுழி மட்டும் சாகும்வரை மாறாது. உன் அப்பாவுக்குச் சுழி ராசியில் நம்பிக்கை கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு குதிரையின் சுழியையும் நோட்டில் படம் போட்டு வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து அதை எடுத்துப் பார்த்தேன். அதேதான்.

இரண்டு கை மாறி வந்திருக்கிறது, விற்கிறவருக்கே தெரியாது. தெரியாமல் போயிருந்தால் தாயையும் மகனையும் சேர்த்திருப்போம். ரத்தத்தில் ஒளிந்திருக்கும் குறையெல்லாம் அப்படித்தான் குட்டியில் வெளியே வரும்.

அது பிறந்த ராத்திரி நீ ஹாஸ்டலில் இருந்தாய். ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும். இது எழுந்தது, மடியைத்தான் தேடத் தெரியவில்லை. சுவரைச் சப்பிக்கொண்டு நின்றது. கடைசியில் ராணியின் சீம்பாலைப் பீய்ச்சி, நீ குடித்த பழைய பால்புட்டியில் ஊற்றிக் கொடுத்தேன். நீ வயிற்றில் இருக்கும்போதே என்னிடமிருந்து எதிர்ப்புச் சக்தி வாங்கிக்கொண்டாய், குதிரைக்குட்டிக்கு அந்த வழி கிடையாது, எல்லாம் சீம்பாலில்தான் என்று டாக்டர் மறுநாள் சொன்னார். அதுவும் முதல் நாளைக்குள் போனால்தான் உடம்பில் சேருமாம்.

அப்படிப் பிழைக்க வைத்ததை மூன்று மாதம்கூட ஆகாமல் விற்றோம். நாலு மாதத்துக்கு முன்னால் பாலை மறக்கடிக்கக் கூடாது என்று அப்பாவுக்குத் தெரியும். பணம் தேவைப்பட்டது. ராணி மூன்று ராத்திரி கனைத்துக்கொண்டே இருந்தாள். இதை உன்னிடம் நாங்கள் சொன்னதில்லை.

ராணிக்கு 18 வயது. அவளுக்கு இனிப் பிரசவம் வேண்டாம். ஏரிச்சாலையில் சவாரிக்கு வரும் கூட்டத்துக்கும் குழந்தைகளுக்கும் நடுவே, இனத்துக்கு விடுகிற பொலிகுதிரையைக் கட்டிக்கொண்டு மாரடிக்கவும் என்னால் ஆகாது. ஆகவே அந்தக் குதிரை நமக்கு வேண்டாம். அந்தப் பணத்தில் லாயத்துக்குக் கூரை மாற்ற வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

மல்லிக்கு ஆறு வயது, தாராளமாகச் சேர்க்கலாம். குதிரைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம். அப்பா ஐப்பசியில்தான் சேர்ப்பார். சித்திரை, வைகாசி சீசனில் மெதுவாக நடக்கிற சவாரிக்குப் போகலாம். வைகாசி முடிந்ததும் சேணத்தை இறக்கிவிட வேண்டும், குட்டி வேகமாக வளர்வது கடைசி மூன்று மாதத்தில்தான். புரட்டாசியில் ஈனும். பங்குனியில் பாலை நிறுத்தினால் அடுத்த சீசனுக்கு மல்லி தயார். இந்தக் கணக்கில் ஒரே ஓட்டை, குட்டி பிறந்ததும் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். நனைந்த தரையில் தொப்புள் வழியாகச் சீழ் பிடித்தால் முடிந்தது. அதற்குத்தான் கூரை.

பொலிக்கு வேறு இடத்தில் விசாரிக்கிறேன். கிளாண்டர்ஸ் என்கிற தொற்றுநோய் இல்லை என்ற ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டாவிட்டால் மல்லியைப் பக்கத்தில்கூட விடமாட்டேன், அது மனுஷருக்கும் ஒட்டும். ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னால் டெட்டனஸ் ஊசி போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் சேரும். ஈன்ற ஒன்பதாம் நாளே மறுபடி பருவத்துக்கு வருவாள், உடனே சேர்த்துவிடலாம் என்று ஆள் வந்து நிற்பான். மாட்டேன் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

குட்டிமேல் மூன்று, நாலு வயது வரை யாரும் ஏறக் கூடாது. அதுவரை கொள்ளும் தவிடும் நம் செலவு. அதற்குச் சம்மதமென்றால்தான் சேர்ப்பது. பாதியில் அவிழ்த்துவிட்டு, பஜாரில் பிளாஸ்டிக் தின்று வயிறு உப்பிச் சாகிற குதிரைகளோடு நம் குட்டியும் திரிய நான் விடமாட்டேன்.

சம்மதமா என்று எழுது. சரி என்றால் அடுத்த புரட்டாசிக்குப் பதினைந்து நாள் லீவு கேட்டு வை. காம்பு நுனியில் மெழுகு மாதிரி கட்டினால் ஓரிரு நாளில் ஈனும், அதுவும் ராத்திரியில்தான். எனக்கு இப்போதெல்லாம் பத்து மணிக்கே கண் சொக்குகிறது.

அம்மா