ஹோட்டல் புள்ளிகளைக் கப்பலுக்குக் கொடுக்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அண்மைக் காலமாக எங்கள் பந்திங் வட்டாரத்தில், கேரித்தீவு, தெலுக் பங்லிமா காராங் வரையிலும், உல்லாசக் கப்பல் பயணம் பற்றிய பேச்சு பெருகியிருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இன்று பிள்ளைகளின் சம்பாத்தியத்தில் சற்று நிம்மதியாக வாழும் பெற்றோர்கள், சிங்கப்பூரிலிருந்தோ பூலாவ் இண்டாவில் உள்ள முனையத்திலிருந்தோ கப்பலேறி மூன்று நான்கு நாள் கடலில் இருந்து வர ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையோடு சேர்ந்தே, "ஹோட்டல் புள்ளிகள் இருந்தால் கப்பல் இலவசம்" என்ற செய்தியும் புலனத்தில் (வாட்ஸ்அப்) கைமாறிக் கைமாறி வருகிறது. ஹோட்டல் புள்ளி என்பது, ஹோட்டல் குழுமங்கள் தங்கள் திட்டத்தில் சேர்ந்த உறுப்பினர்களுக்கு, அவர்கள் செய்யும் செலவுக்கு ஏற்பக் கணக்கில் சேர்த்துத் தரும் வெகுமதிப் புள்ளி. அந்தப் புலனச் செய்தியைப் பற்றித்தான் தங்கள் வாசகர்களிடம் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் உல்லாசக் கப்பலில் போவதை ஆடம்பரம் என்று குறைகூறும் எண்ணம் எனக்கு எள்ளளவும் இல்லை. தமிழகத்திலிருந்து ஆட்களை ஏற்றி வந்த 'ரஜூலா' கப்பலின் மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளோடு படுத்து வந்து, இன்று கிள்ளான் துறைமுகம் என்றழைக்கப்படும் அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அதே கடலில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நாற்காலி போட்டு அமர்ந்து காற்று வாங்குவதைக் காண எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதற்கு விலையாக அவர்கள் எதைக் கொடுக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் புள்ளிகள் எங்கள் ஊருக்கு எப்படி வருகின்றன என்று சிலர் வியக்கலாம். வேலை நிமித்தம் ஊர் ஊராகச் சென்று பெரிய ஹோட்டல்களில் தங்கும் மகனின் கணக்கில் அவை சேர்கின்றன. மகளின் கிரெடிட் கார்டில் சேர்ந்த வங்கிப் புள்ளிகள் ஹோட்டல் கணக்குக்கு மாற்றப்படுகின்றன. இன்னொரு வழியைப் பலர் கவனிப்பதே இல்லை. திருமண விருந்தை ஹோட்டல் மண்டபத்தில் நடத்தும் குடும்பத்திற்கு, அந்தச் செலவுக்கென்றே புள்ளிகள் வழங்கும் ஏற்பாடு சில பெரிய ஹோட்டல் குழுமங்களில் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே உறுப்பினர் எண்ணைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டால்தான் அவை கிடைக்கும். விருந்து முடிந்த பிறகு கேட்டுப் பெறுவது கடினம். கல்யாணச் செலவு எவ்வளவு ஆகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இது சிறிய தொகை அன்று. ஆக, இலவசம் என்று சொல்லப்படும் இந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவரின் உழைப்போ செலவோ இருக்கிறது.

இனி கப்பலுக்கு வருகிறேன். ஹோட்டல் புள்ளியைக் கொண்டு கப்பலில் இடம் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஹோட்டல் குழுமமே தன் பெயரில் இயங்கும் கப்பலுக்குப் புள்ளிகளை ஏற்பது ஒரு வழி. குழுமத்தோடு உடன்பாடு செய்துகொண்ட பயண நிறுவனம் ஒன்றின் மூலம், வேறு கப்பல் நிறுவனங்களின் பயணங்களுக்குப் புள்ளிகளைக் கட்டணமாகவோ கட்டணத்தின் ஒரு பகுதியாகவோ கொடுப்பது மற்றொன்று. முதல் வகைக்குச் சரியான எடுத்துக்காட்டு, மேரியட் குழுமத்தைச் சேர்ந்த ரிட்ஸ் கார்ல்டன் பெயரில், 2022 அக்டோபரில் 'எவ்ரிமா' என்ற கப்பலோடு தொடங்கிய பயணங்கள். மேரியட்டின் புள்ளித் திட்டமான 'மேரியட் பான்வாய்' உறுப்பினர்களுக்கு அந்தப் பயணங்களுக்காக அறிவிக்கப்பட்ட கணக்கு, 180,000 புள்ளிகளுக்கு 1,000 அமெரிக்க டாலர் கட்டணக் கழிவு என்பதாகும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய நான்கு ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு புள்ளிக்கு இரண்டு சென்னுக்குச் சற்று மேல் கிடைக்கிறது. கழிவு போக மீதிக் கட்டணம் நம் கைப்பணம். அந்தக் கப்பல்களின் கட்டணமோ ஆயிரக்கணக்கான டாலர்.

இந்த இரண்டு சென் அதிகமா குறைவா என்பதை, அதே புள்ளிகள் வேறெங்கு என்ன வாங்கும் என்று பார்த்தால்தான் சொல்ல முடியும். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து, தொழிலாளர்களின் நாள் கூலியைப் பதியும் செக்ரோல் எழுதிப் பழகியவன் நான். எந்தத் தொகையையும் நாள் கூலியாகப் பிரித்துப் பார்க்காமல் எனக்கு அதன் அளவு புரிவதில்லை. புள்ளிகளையும் அப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. இருவர் தங்கும் கப்பல் அறை ஒன்று ரொக்கமாக 2,000 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும்போது, அதற்கு 100,000 புள்ளிகள் கேட்கப்பட்டால், ஒரு புள்ளிக்கு நமக்குக் கிடைப்பது 2 சென். கப்பல் புறப்படுவதற்கு முந்திய இரவு சிங்கப்பூரில் தங்க 900 ரிங்கிட் ஆகும் ஹோட்டல் அறை 25,000 புள்ளிகளுக்குக் கிடைத்தால், ஒரு புள்ளிக்கு 3.6 சென். அதே உறுப்பினர், அதே புள்ளிகள். கிடைக்கும் மதிப்போ ஏறக்குறைய இரு மடங்கு.

இந்த உதாரணத்தில் சிங்கப்பூரை நான் காரணத்தோடுதான் சேர்த்தேன். பந்திங்கிலிருந்து ஒரு குடும்பம் சிங்கப்பூரில் கப்பலேற வேண்டுமானால், இரவெல்லாம் பேருந்தில் அமர்ந்து, எல்லைச் சோதனையில் வரிசையில் நின்று, தூக்கமின்றி நேரே முனையத்திற்குப் போய்ச் சேர வேண்டும். அல்லது முதல் நாளே சென்று தங்க வேண்டும். முழங்கால் வலியுள்ள ஒரு பெரியவரை அழைத்துச் செல்பவர்களுக்கு முதல் வழி சரிப்படாது. சிங்கப்பூர் வெள்ளியில் அறை வாடகை கொடுப்பதோ, ரிங்கிட்டில் சம்பாதிப்பவருக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் வலிக்கும் செலவு. அந்த இடத்தில்தான் ஹோட்டல் புள்ளி உண்மையில் கைகொடுக்கிறது. பெரிய குழுமங்களில் புள்ளியால் எடுக்கும் இரவுக்குப் பெரும்பாலும் வரியும் சேவைக் கட்டணமும் அந்தப் புள்ளிகளுக்குள்ளேயே அடங்கிவிடும். மேரியட்டில் ஐந்து இரவுகளைச் சேர்த்து எடுத்தால் நான்கு இரவுகளுக்கான புள்ளிகள் போதும். ஆகவே, கப்பல் அறைக்கு ரொக்கம், கரையில் தங்குவதற்குப் புள்ளி என்பதே எங்கள் ஊர் மக்களுக்கு நான் சொல்லும் ஆலோசனை.

கப்பலில் புள்ளிகள் போன பிறகும் பணம் போய்க்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்காக நாள்தோறும் தலைக்கு இவ்வளவு என்று சேர்க்கப்படும் அன்பளிப்புத் தொகை, பானங்கள், இணைய வசதி, கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கும் செலவு ஆகியவை பொதுவாகத் தனி. கப்பல் மருத்துவரைப் பார்த்தால் வரும் கட்டணம், நம் அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்துப் பழகிய தொகையோடு ஒப்பிடவே முடியாதது. தனியாகப் பயணம் செய்யும் ஒருவர், இருவர் அறைக்கான கட்டணத்தில் பெரும்பகுதியைத் தாமே ஏற்க வேண்டி வரும். கணவரை இழந்த தாயாரை அனுப்பி வைக்க நினைக்கும் பிள்ளைகள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சைவ உணவு வேண்டுவோர் இடம் பதியும்போதே சொல்லிவிடுவது நல்லது.

பயணத்தை ரத்து செய்யும்போது ஹோட்டலுக்கும் கப்பலுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். புள்ளியால் எடுத்த ஹோட்டல் இரவைச் சில நாள் முன்பாக ரத்து செய்தால், பெரும்பாலும் புள்ளிகள் அப்படியே கணக்குக்குத் திரும்பிவிடும். கப்பலில் அப்படியன்று, புறப்படும் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடிக்கொண்டே போய், கடைசி வாரங்களில் ஒன்றும் திரும்பாது என்ற நிலையே பொதுவானது. இடையில் ஒரு பயண நிறுவனம் இருந்தால், கப்பல் நிறுவனம் அவர்களைக் கேளுங்கள் என்றும் அவர்கள் கப்பல் நிறுவனத்தைக் கேளுங்கள் என்றும் அலைக்கழிக்க வாய்ப்புண்டு. பயணக் காப்புறுதி எடுத்திருந்தாலும், ரொக்கமாகக் கட்டிய தொகையைத்தான் அது ஈடுசெய்யுமா, புள்ளிகளையும் கணக்கில் எடுக்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

புள்ளிகளைச் சேமிப்பு என்று நினைத்து வருடக்கணக்கில் பூட்டி வைப்பவர்களிடமும் எனக்கு ஒரு வார்த்தை உண்டு. 1960-இல் துன் சம்பந்தன் அவர்கள் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்திற்கு, எங்கள் பெற்றோர் கூலியிலிருந்து மாதாமாதம் வெள்ளியை ஒதுக்கிக் கட்டினார்கள். அது பங்காக இருந்தது. பங்குக்குப் பின்னால் நிலம் இருந்தது. ஹோட்டல் புள்ளிக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. பெரும்பாலான திட்டங்களின் விதிகள், புள்ளி உறுப்பினரின் சொத்து அன்று என்றும், அதன் மதிப்பையும் விதிகளையும் நிறுவனம் மாற்றலாம் என்றும் சொல்கின்றன. எந்த ஹோட்டலுக்கு எத்தனை புள்ளி என்று அட்டவணை போட்டு அறிவித்துவந்த மேரியட், 2022 மார்ச்சில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. ஹில்டன் குழுமம் அதற்கும் முன்பே எடுத்துவிட்டது. இவ்விரண்டிலும் 24 மாதங்கள் கணக்கில் எந்த அசைவும் இல்லையென்றால் புள்ளிகள் காலாவதியாகிவிடும். அக்கோர் குழுமத்தில் அந்தக் காலம் 365 நாள்தான். அக்கோரில் ஒரு நன்மை உண்டு: 2,000 புள்ளிக்கு 40 யூரோ என்று கணக்கு நிலையாக இருப்பதால், புள்ளியின் மதிப்பு என்ன என்று தேடி அலைய வேண்டியதில்லை.

இதனால்தான், கப்பலுக்குப் புள்ளி கொடுக்கவே கூடாது என்று நான் ஒரேயடியாகச் சொல்லவில்லை. காலாவதி ஆகப் போகும் புள்ளிகள், ஹோட்டலில் தங்கும் தேவை அடுத்த ஓராண்டுக்கு இல்லை, கப்பல் பயணம் எப்படியும் முடிவாகிவிட்டது என்ற நிலையில் இருப்பவர், அவற்றைக் கப்பலுக்குக் கொடுத்துக் கைச்செலவைக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. அப்போதும், அதே நாள், அதே வகை அறைக்குக் கப்பல் நிறுவனம் நேரடியாக என்ன விலை சொல்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். கப்பல் நிறுவனங்கள் அவ்வப்போது அறிவிக்கும் சலுகை விலை, புள்ளிகளை ஏற்கும் தளத்தில் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. விலையைக் கூட்டிக் காட்டிவிட்டு, கூட்டியதைப் புள்ளியால் கழித்தால் அது நமக்கு ஆதாயம் ஆகாது. ஆனால், வங்கிப் புள்ளிகளாக இருப்பவற்றைக் கப்பலுக்காகவே ஹோட்டல் கணக்குக்கு மாற்றுவதை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மாற்றிய புள்ளி பொதுவாக வங்கிக்குத் திரும்பாது.

என்னை இந்தக் கடிதம் எழுதத் தூண்டிய கவலை வேறொன்று. எங்கள் வட்டாரத்தில் சிலர், "உங்கள் பிள்ளையின் புள்ளிகளை எங்களிடம் கொடுங்கள், கப்பலுக்கு நாங்கள் மாற்றித் தருகிறோம்" என்று சொல்லி, கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்குகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தாயார் நம்பிக் கொடுத்துவிட்டார். கணக்கிலிருந்து புள்ளிகள் போயின. கப்பலுக்கான உறுதிக் கடிதம் வரவில்லை. கேட்டால் அடுத்த மாதம் என்ற பதிலே வந்தது. புள்ளிகளை வெளியாரிடம் விற்பதும் வெளியாரிடமிருந்து வாங்குவதும் இத்திட்டங்களின் விதிகளுக்கு மாறானவை. தெரிந்தால் கணக்கையே மூடிவிட ஹோட்டல் குழுமத்திற்கு உரிமை உண்டு. அப்படியானால் ஏமாந்தவர் ஹோட்டலிடம் முறையிடவும் தயங்குவார். ஏமாற்றுகிறவர்களுக்கு அந்தத் தயக்கம்தான் துணை.

நம் நாட்டில் பயண நிறுவனம் நடத்த, 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. சுற்றுலா அமைச்சிடம் அதைச் சரிபார்க்கலாம். பணம் கொடுத்து ஏமாந்தவர்கள், பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை, 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே பதிவு செய்யலாம். ரசீதும் புலனத்தில் பேசிய செய்திகளும் பத்திரமாக இருக்க வேண்டும். வாய்ப்பேச்சாக மட்டும் இருந்தால் கோரிக்கையை நிரூபிப்பது சிரமம்.

ஆசிரியர் அவர்களே, இத்திட்டங்களின் விதிகள் எங்கள் பெரியவர்கள் படிக்கும் மொழியில் இல்லை. தமிழில் அவர்கள் நாள்தோறும் நம்பிப் படிப்பது தங்கள் நாளிதழைத்தான். ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். பயனீட்டாளர் பக்கத்தில், புள்ளிகளின் மதிப்பைக் கணக்கிடும் முறையையும் காலாவதி விதிகளையும் எளிய தமிழில் வெளியிட்டு, அவை மாறும்போதெல்லாம் புதுப்பித்துத் தாருங்கள். கப்பல் பயண விளம்பரங்களை ஏற்கும்போது, நிறுவனத்தின் உரிம எண்ணும், புள்ளி போக ரொக்கமாகக் கட்ட வேண்டிய முழுத் தொகையும் அந்த விளம்பரத்திலேயே இடம்பெற வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பந்திங், சிலாங்கூர்.