திரைக்குப் பின்னால் நாமும் நிற்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில் அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் றோல்ஸ் பற்றி வந்த கட்டுரையை விருப்பத்தோடு வாசித்தேன். ஆனால் 'உள்ளதை எல்லோருக்கும் சரிசமமாகப் பங்கிடச் சொன்னவர்' என்று அவரைச் சுருக்கியது சரியில்லை. ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் ஆகக் கீழே இருப்பவருக்கு அதனால் நன்மை வர வேண்டும் என்பதே 1971 இல் வெளிவந்த 'நீதிக் கோட்பாடு' நூலில் அவர் போட்ட நிபந்தனை. அதற்கும் முன்னால் பேச்சு, மனச்சாட்சி, வாக்கு போன்ற அடிப்படைச் சுதந்திரங்களை வைத்தார். காப்பற் தார் வீதி போட்டுத் தருகிறோம், உரிமைக் கதையைப் பிறகு பார்ப்போம் என்ற பேரம் அவரிடம் எடுபடாது.

இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், அதாவது மொழியையும் மாவட்டத்தையும் பார்த்து இடம் கொடுக்கும் முறை, முழுவதையும் றோல்ஸின் 'அறியாமைத் திரை'யைக் காட்டிக் கட்டுரையாளர் நிராகரிக்கிறார். எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். அந்தத் திரைக்குப் பின்னால் நின்று விதி வகுப்பவருக்குத் தன் இனம், சாதி, செல்வம், திறமை எதுவும் தெரியாது. அப்படி நிற்கும் எவரும் 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தலுக்குத் தலையாட்டமாட்டார். தமிழ்மூலம் எழுதிய பிள்ளையிடம் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கூடுதல் புள்ளி கேட்ட முறை அது. சரி, 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு? நான் நல்லூரில் பாடத்துக்கொரு ரியூசன் போகும் பிள்ளையாகவும் இருக்கலாம், முல்லைத்தீவில் இரசாயனவியல் ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம் என்றால், ஏதோவொரு ஒதுக்கீட்டைக் கேட்கத்தான் செய்வேன். இன்றைய முறையில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இந்த வீதங்களோடு சண்டை பிடிக்கலாம். அடியோடு தள்ளுவதற்கு றோல்ஸைத் துணைக்கு அழைக்க முடியாது. குடாநாட்டில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் ஏச்சு விழும், விழட்டும்.

திரையைக் கொழும்பு அரசை நோக்கி மட்டும் பிடிப்பதும் எனக்கு ஒப்பவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே விடுங்கள் என்று கேட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரை மறித்து நின்றவர்கள் கொழும்பிலிருந்து வந்தவர்களா?

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவாராயின் 1993 இல் வந்த றோல்ஸின் 'அரசியல் தாராளவாதம்' நூலையும் எடுக்க வேண்டும். வெவ்வேறு சமயமும் கொள்கையும் உள்ளவர்கள், அவரவர் நம்பிக்கையை விட்டுக்கொடுக்காமல், ஒரே அரசியலமைப்பை மனமார ஏற்பது எப்படி என்பது அதன் கேள்வி. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் நமது அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் அதை விளக்கினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.